கேமரா நிற்கும் இடம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்மாடி என்பார்கள். அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறையில் நிற்பார். இன்னொருவர் அடியில், லிஃப்ட் வந்து இறங்கும் பள்ளத்தில் நிற்பார். இவருக்குக் கனத்த உடம்பு, முரண்டு பிடிக்கும் முழங்கால். பள்ளத்தில் இறங்கிவிட்டால் தூக்கி ஏற்ற நாலு ஆள் வேண்டும். அதனால் உச்சி அறை அவருக்கென்றே ஆகிப்போனது.

கீழே இறங்குகிறவர் ஒல்லியான ஆள். எலி வளையில் விட்டாலும் மறுபக்கம் வந்து எட்டிப் பார்ப்பார். அவருக்குக் கீழ்மாடி என்று பெயர். "ஊரே உங்களுக்கு மேல்மாடி காலின்னு சொல்லுது, நீங்க போய் அங்கயே ஏறி உக்காந்துக்கறீங்க" என்று பள்ளத்திலிருந்து குரல் கொடுப்பார். மோட்டார் அறைத் தரையில் கயிறு இறங்குவதற்காக விட்டிருக்கும் ஓட்டை வழியாக அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மேலே வரும்.

இந்தக் கீழ்மாடியைத்தான் மேல்மாடி தன் தங்கைக்குப் பார்த்து முடித்தார். குடி இல்லை, கோபம் இல்லை, கை சுத்தம். அதற்குமேல் ஒரு மாப்பிள்ளையிடம் என்ன கேட்பது? அதுவரை வாடா போடா என்று இருந்த இவருடைய பேச்சு, கல்யாணத்துக்கு மறுநாள் "வாங்க மாப்ள" என்று மாறியது. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கையிலிருந்த கிரீஸ் டப்பா நழுவிப் படிக்கட்டில் உருண்டுகொண்டே போனது. மேல்மாடியின் கல்யாணம் மட்டும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரேயடியாக நின்றுவிட்டது. அதற்காக அவர் பெரிதாக வருந்தியதும் இல்லை. தங்கை வீடே அவர் வீடு, தங்கை மகளே அவர் மகள். அந்தப் பெண் நடக்கப் பழகியது மாமாவின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது. உள்ளே காகிதக் கட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. பள்ளத்தில் தண்ணீர் ஊறி அங்கிருக்கும் சுவிட்ச் கெட்டிருக்கும் என்று தோன்றியது. மேல்மாடி உச்சிக்கு ஏறி மின்சாரத்தை நிறுத்தினார். மாப்பிள்ளை டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். மின்சாரம் இல்லையென்றால் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும், அதுதான் ஏற்பாடு. ஆனால் அந்தப் பிரேக் தேய்ந்து, எண்ணெய் ஊறிப்போயிருந்தது. மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லியிருந்தார்கள். பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது.

மின்சாரமே இல்லாத மோட்டார் அறையில் பெரிய சக்கரம் மெல்லச் சுழலத் தொடங்கியது. லிஃப்ட் தடாலென்று விழுந்திருந்தால், அது ஓடும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி உண்டு. இது அவசரமில்லாமல் வழுக்கியதால் அந்தக் கொக்கிக்கு உறைக்கவேயில்லை. மேல்மாடி ஒரு மரக்கட்டையை வைத்து நெம்பினார். கட்டை தெறித்தது. பிறகு கையைக் கொடுத்தார். வலது கையின் இரண்டு விரல்கள் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போயின. லிஃப்ட் பள்ளத்தின் அடிவரை இறங்கித்தான் நின்றது.

அன்று மாலை கம்பெனியிலிருந்து வந்தவர் தங்கையிடம் சொன்னார்: "ஒரே நொடிம்மா. என்ன நடந்துச்சுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது." டாக்டரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். நாலு நாள் கழித்துத் தங்கை கட்டுப்போட்ட கையோடு இருந்த அண்ணனிடம் வந்து நின்றாள். "நிஜமா அண்ணா? அவருக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள், சமைத்தாள், மகளைப் படிக்க அனுப்பினாள்.

விரல் போனவருக்கு மோட்டார் அறையில் வேலை இல்லை. கம்பெனி அவரை ஸ்டோரில் உட்கார வைத்தது. போல்ட்டும் கிரீஸும் எடுத்துக் கொடுக்கும் வேலை. தங்கை மகள், அவருக்கு மருமகள், வேறு ஊரில் விடுதியில் தங்கி அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு டேப்லெட் வாங்கியதும் பழையதை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "சும்மா கிறுக்குங்க மாமா. கைக்கும் எக்சர்சைஸ் மாதிரி ஆச்சு" என்றாள். பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு அவர் கிறுக்கினார். முதலில் பல்சக்கரம், பிறகு ஸ்டோர் அலமாரி, பிறகு வீட்டு வாசல்படி. கிறுக்கல் பழக்கமானதும் ஆசை வந்துவிட்டது. ஆசை வெட்கம் அறியுமா? ஐம்பதைத் தாண்டிய ஆள், இருபது வயசுப் பிள்ளைகளோடு இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பின் பெயரைச் சொன்னாலே நாக்குச் சுளுக்கும்: என்விரான்மென்ட் கான்செப்ட் பெயின்டிங். வீடியோ கேமுக்கோ சினிமாவுக்கோ ஒரு இடத்தைக் கட்டுவதற்கு முன்னால், அது எப்படி இருக்கும், எங்கிருந்து வெளிச்சம் வரும் என்று வரைந்து காட்டுவது. சொல்லிக்கொடுத்தவர் முப்பது வயதுப் பெண். கேம் கம்பெனி ஒன்றில் காடும் கோட்டையுமாக வரைந்து தள்ளியவர். கண்டிப்பானவர், ஆனால் குத்திப் பேசமாட்டார். எல்லாரும் மேடம் என்றார்கள். அவர் இவரை மட்டும் சார் என்றார்.

முதல் முழுப் படத்துக்கு மேடம் ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஏதோ ஒன்று நடந்த இடமாக இருக்க வேண்டும், மனிதர்களை வரையக் கூடாது, இடமே பேச வேண்டும். பிள்ளைகள் இடிந்த நகரம் வரைந்தார்கள், மிதக்கும் தீவு வரைந்தார்கள். மேல்மாடி லிஃப்ட் குழியை வரைந்தார்.

முதலில் அவர் உச்சியிலிருந்து கீழே பார்ப்பதுபோலத்தான் வரைந்தார். கண்ணால் பார்த்தது அதுதானே! ஆனால் கயிறும் சக்கரமும் சரியாக வந்தும் படம் செத்துக் கிடந்தது. அழித்தார். மறுபடி வரைந்தார், மறுபடி அழித்தார். பிறகு ஒரு நாள் கை தானாகக் கீழே இறங்கியது. அடியிலிருந்து மேலே பார்த்தால் நாலு சுவர், நடுவில் லிஃப்டின் கறுப்பு அடிப்பாகம், அதன் நாலு ஓரத்திலும் மேலிருந்து கசியும் நூல்போன்ற வெளிச்சம். பக்கத்தில் ஓர் ஏணி, வாசல்வரை எட்டாத ஏணி. தூரமும் கோணமும் காட்டுகிற பர்ஸ்பெக்டிவ் பயிற்சிக்கு நல்லது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வாரக்கணக்கில் வரைந்தார். டீ கொண்டுவந்து வைத்த தங்கை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணா, கிணறா?"

"கிணறு மாதிரிதான்."

"ஒரே இருட்டா இருக்கு. கொஞ்சம் விளக்கேத்தி வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடத்தின் கருத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்தது. ஒவ்வொருவர் படத்தையும் திரையில் வைத்து, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டபடியே பேசி, பதிவு செய்து அனுப்புவது அவர் வழக்கம். வெயில் கூடம்வரை வந்திருந்தது. அடுப்படியில் தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மோட்டார் அறைகளில் காலம் தள்ளியதில் மேல்மாடிக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒலியை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், நல்லதை முதல்ல சொல்லிடறேன்" என்று தொடங்கியது மேடத்தின் குரல். "அந்தக் கயிறு, அதுல இருக்கிற கிரீஸ்... தொட்டா கை பிசுபிசுன்னு ஒட்டிக்கும்போல இருக்கு. இந்தப் பக்குவம் கிளாஸ்ல வேற யாருக்கும் வரல. இப்ப திட்டு. கண்ணைச் சுருக்கிட்டுப் பாருங்க. என்ன தெரியுது? ஒரே கரித்துணி. கறுப்பு மேல கறுப்பு, அதுக்கு மேல கறுப்பு. பயமா இருக்கணும்னா இருட்டு மட்டும் போதாது சார், இருட்டுக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சமாவது தெரியணும். ஏணி இருக்கிறதே எனக்கு ரெண்டாவது தடவை பார்த்தப்பதான் தெரிஞ்சது."

மேல்மாடி தலையை ஆட்டிக்கொண்டார். சரிதான், நூற்றுக்கு நூறு சரி.

"அடுத்தது அளவு. நடுவுல இருக்கிற இந்தச் சதுரம் லிஃப்டோட அடிப்பாகம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு? நான் லிஃப்டுக்குள்ள நின்னிருக்கேன், லிஃப்டுக்கு அடியில நின்னதில்லையே! பிஸ்கட் டின் மூடிகூட இப்படித்தான் இருக்கும். நம்ம கண்ணுக்குப் பழக்கமான ஒரு பொருளைப் பக்கத்துல போடுங்க. அப்புறம் வெளிச்சம். ஓரத்துல கசியறது அழகு. ஆனா கசிஞ்ச வெளிச்சம் எங்கயாவது விழணும்ல? சுவர்ல விழட்டும், தண்ணியில விழட்டும்."

சிவப்புக் கோடு சுவரில் ஓடியது. தண்ணீரில் ஒரு கீற்றுப் போட்டது. அந்த ஒரு கீற்றில் படம் திடீரென்று ஆழமானது. அட, இவ்வளவுதானா என்று மேல்மாடி வியந்தார். அவர் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு. இதுதான் முக்கியம்." சிவப்புக் கோடு படத்தின் கீழ் விளிம்பில் ஒரு வட்டம் போட்டது. "கேமரா எங்க நிக்குது? அதாவது, இதைப் பார்க்கிற நான் எங்க நிக்கிறேன்? இங்க, பள்ளத்துக்குள்ள. சரி. லிஃப்ட் என்ன பண்ணுது? தூசி கொட்டுது, தண்ணி நடுங்குது. அப்ப அது இறங்கிட்டிருக்கு. ஏணி வாசலுக்கு எட்டல. சார், இங்க நிக்கிறவன் செத்தான்!" மேடம் சிரித்தார். "வெளிய போக வழியில்ல. மேலேர்ந்து வர்றது தெரியுது. தெரிஞ்சே, பார்த்துக்கிட்டே நிக்கிறான். கண்ணை வேற எங்கயும் திருப்ப முடியாது. இதை நீங்க தெரிஞ்சு பண்ணீங்களா, தெரியாம பண்ணீங்களா? தெரிஞ்சுன்னா இதுதான் உங்க படம், இன்னும் அழுத்திச் சொல்லுங்க. தெரியாமன்னா கேமராவைத் தூக்கி வெளிய, வாசல்ல வைங்க. பார்க்கிறவன் பத்திரமா நின்னு பார்க்கட்டும்."

பதிவு முடிந்தது. அடுப்படியில் கத்திச் சத்தம் எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது தங்கை ஈரக்கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"திரும்பப் போடு" என்றாள்.

"எதை?"

"அந்தப் பொண்ணு கடைசியில சொன்னதை."

"அது வகுப்பு விஷயம்மா. உனக்கு..."

"போடுண்ணா."

போட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். மேடத்தின் சிரிப்பு வந்தபோது அவள் இமைகூட அசையவில்லை. முடிந்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"கிணறுன்னு சொன்னே."

அவர் டேப்லெட் திரையை அணைத்தார்.

"அவர் பார்த்தாரா?"

"நான் மேல இருந்தேன்மா. எனக்கு எப்படி..."

"அவர் பார்க்காமலா நீ இப்படி வரைஞ்சே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை அசைத்துத் தப்பிக்கிற கேள்வியும் இல்லை இது. மேல்மாடி டேப்லெட்டைத் தரையில் வைத்தார். "டார்ச் வெளிச்சம் மேல திரும்பிச்சு" என்றார். "லிஃப்டைச் சுத்தி, நாலு ஓரத்துலயும். கயிறு ஓட்டையில தெரிஞ்சது. அவர் டார்ச்சை மேல காட்டினாத்தான் அப்படி வரும்."

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு."

"என்னன்னு?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். இல்லாத விரல்கள் இருந்த இடம் அரித்தது. "'மச்சான், நிறுத்துங்க'ன்னாரு."

தங்கைக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் முகம் மெல்ல மாறியது. "நிறுத்துங்கன்னா?"

"நான் ஓட்டறேன்னு நினைச்சாரு. தெரியாம சுவிட்சைப் போட்டுட்டேன்னு. முதல் தடவை சிரிச்சமாதிரிகூட இருந்துச்சு, விளையாடறேன்னு நினைச்சாரோ என்னவோ. ரெண்டாவது தடவை அப்படி இல்ல. நான் கத்தினேன், ஏறுடா, ஏறிடுடான்னு. அவர் காதுல விழுந்துச்சா தெரியல."

"எவ்வளவு நேரம்?"

"கூப்பிடற அளவுக்கு நேரம் இருந்துச்சும்மா."

"நீ ஓட்டலைன்னு அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

தங்கை எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். கத்திச் சத்தம் மறுபடி தொடங்கியது. அன்று சமையல் ஆனது, தட்டு வந்தது, பரிமாறினாள். தான் மட்டும் சாப்பிடவில்லை. அவரும் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு சுருங்கிப்போயிற்று. சாப்பாடு இருக்கு, துணி காயுது, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். அவள் அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கினாள். ஒரு நாள் அவர் ஸ்டோருக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "பிள்ளைகிட்ட இதெல்லாம் சொல்லிடாதே. அப்பாவுக்கு எதுவும் தெரியாமலே போச்சுன்னுதான் அவ நினைச்சுட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்." சரி என்றார். நாலு வருஷம் தனியாகச் சுமந்ததை இப்போது இரண்டு பேர் சுமந்தார்கள். பாரம் பாதியாகக் குறையவில்லை. இரண்டு பேருக்கும் முழுசாக இருந்தது.

வகுப்பில் எல்லாரும் நேரலையில் பேசிக்கொள்ளும் நாள் வந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகங்கள்.

"சார், கேட்டீங்களா? கேமராவை அங்க வச்சது தெரிஞ்சா, தெரியாமலா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியாம வச்சுட்டேன் மேடம்" என்றார் மேல்மாடி.

"பரவால்ல சார், முதல் படம்தானே. வாசலுக்குக் கொண்டுவந்துடுங்க."

கொண்டுவந்தார். திறந்த வாசலுக்கு வெளியே நின்று பார்க்கும் கண். உள்ளே இருட்டு, தொங்கும் கயிறுகள், தண்ணீரில் விழும் வெளிச்சக் கீற்று. அளவு தெரிய வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் வாளி. மேடம் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தார், ஒரு வரி விடாமல். படம் பிரமாதமாக வந்தது. "இப்பதான் சார் படம் நிக்குது" என்று மேடம் பாராட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். விடுதியிலிருந்து மருமகள் போனில் துள்ளினாள்: "மாமா, எங்க கிளாஸ்லயே யாரும் இப்படி வரையமாட்டாங்க! அந்த வாளி செம!" அவர் சிரித்தார். போனை வைத்ததும் அந்த வாளியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வாளி இருந்ததில்லை.

ஒரு நாள் தங்கை கேட்டாள்: "அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

நாலு வருஷத்தில் அவள் அந்தத் தெருப்பக்கம் போனதில்லை. அவரும்தான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஸ்டோருக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மதிய வெயிலில் பஸ் ஏறிப் போனார்கள். கட்டடத்துக்கு வேறு பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெளிப்பக்கம் புதிதாக ஒரு லிஃப்ட், கண்ணாடிக் கதவு போட்டது. காவலாளி இவர் முகத்தை மறக்கவில்லை. கையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார்.

பழைய லிஃப்டின் தரைத்தள வாசலில் பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். முன்னால் உடைந்த நாற்காலிகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். மேல்மாடி ஒவ்வொரு நாற்காலியாக எடுத்து ஓரம் வைத்தார். பலகை வெறும் பலகை. பார்க்க ஒன்றுமில்லை. ஓர் ஓரத்தில் பலகை வளைந்து விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது. அதிலிருந்து ஊறிய தண்ணீரின் நெடி வந்தது.

தங்கை அந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு வாயைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அடுத்த அறையில் இருப்பவரிடம் சொல்வதுபோல, சத்தம் போடாமல் சொன்னாள்:

"அது அண்ணன் இல்லீங்க. அண்ணன் ஓட்டல. அது தானா இறங்குச்சு."

பிறகு இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் நிதானமாக, வார்த்தைக்கு வார்த்தை விட்டு. மேல்மாடி கையில் எடுத்திருந்த கடைசி நாற்காலியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார். நாலு வருஷமாக அவருக்கு யாரிடமிருந்தோ வேண்டியிருந்த சொல் அது. கேட்டுவிட்டார். நெஞ்சு லேசாகும் என்று நினைத்தார். நாற்காலிதான் கையில் கனத்தது.

நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிவிட்டு வெளியே வந்தார்கள். காவலாளி தண்ணீர் கொடுத்தார். பஸ்ஸில் கூட்டம் இல்லை. தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள், இவர் பக்கத்தில். இரண்டு நிறுத்தம் போனபிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

"நீ ஓட்டலைதானே அண்ணா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"இல்லம்மா."

"ம்" என்றாள். "தெரியும். சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற கேள்வியா அது? அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் அது இரண்டொரு தடவை வந்தது, வேறு வேறு உடை போட்டுக்கொண்டு. மெயின் சுவிட்சை அணைத்தால் விளக்கும் அணைந்துவிடுமா என்று கேட்டாள். சுவிட்ச் எந்தப் பக்கம் தள்ளினால் அணையும் என்று கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மனசறிய அவள் அவரைச் சந்தேகப்படவில்லை. ஆனால் செத்துப்போனவர் கடைசியாக நம்பியது ஒன்று இருக்கிறது. அதற்கு எதிராகப் பேச அண்ணனின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. புருஷனின் கடைசி வார்த்தையை ஒரு மனைவி எப்படித் தூக்கி எறிவாள்?

அந்த வருஷ முடிவில் மகள் படிக்கும் ஊருக்கே தங்கை போய்விட்டாள். அங்கே ஒரு மாணவர் விடுதியின் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. சண்டை இல்லை, மனத்தாங்கல் என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. "பிள்ளை தனியா இருக்காண்ணா" என்றாள். அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "வேளைக்குச் சாப்பிடு, டீயையே குடிச்சு வயித்தைக் கெடுத்துக்காதே" என்று சொன்னாள். வாரம் ஒரு தடவை போன் வரும். விலைவாசி பேசுவார்கள், மருமகளின் படிப்பைப் பேசுவார்கள்.

வீடு காலியானபிறகு அவர் முதல் படத்தைத் திறந்தார். அழிக்காமல் வைத்திருந்தார். மேடம் சொன்னது ஒவ்வொன்றையும் இதிலும் செய்தார். கறுப்பைப் பிரித்தார். ஏணியைத் தெரிய வைத்தார். வெளிச்சத்தைச் சுவரில் விழ வைத்தார். லிஃப்டின் அடிப்பாகத்தில் இருக்கும் இரும்புச் சட்டம், துரு, ஒழுகிய எண்ணெய் என்று ஒவ்வொன்றாக, யார் பார்த்தாலும் என்னவென்று புரியும்படி வரைந்தார். கேமரா இருந்த இடத்திலேயே இருந்தது. முடித்ததும் மேடத்துக்கு அனுப்பினார். "தெரிந்துதான் வைத்தேன்" என்று ஒரு வரி மட்டும் எழுதினார்.

பதில் வர நாளானது. இந்தத் தடவை சிவப்புக் கோடு இல்லை. குரல் மட்டும், சின்னதாக.

"சார், பார்த்தேன். இதுல திருத்தறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. என்னால ரொம்ப நேரம் பார்க்க முடியல. ஏன் அங்க வச்சீங்கன்னு நான் கேக்கல. ஆனா இதை வேலை தேடறப்ப காட்டற படங்களோட சேர்க்காதீங்க சார். வாளி இருக்கிறதை அனுப்புங்க."

அவர் வாளி இருக்கிறதையே அனுப்பினார். ஒரு சின்ன கேம் கம்பெனி அதைப் பார்த்துவிட்டு எப்போதாவது வேலை கொடுக்கிறது. மாடிப்படி, நடைபாதை, கிடங்கு, பாழடைந்த ஆஸ்பத்திரி என்று வரைந்து கொடுக்கிறார். ஸ்டோரிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து வரைகிறார். கீழ் விளிம்பில் பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதை முதலில் குறித்துக்கொள்கிறார். அவனுக்குப் பின்னால் கதவு ஒன்று இருப்பதாக மனசில் வைத்துக்கொண்டுதான் மேலே வரைகிறார். அந்தக் கதவு படத்தில் வராது. கம்பெனிக்காரர்களுக்கும் அது தெரியாது.